சார் சொன்ன எண்

"அப்போ ஒன்றரையில வை." மூன்றே சொல். என் ஆய்வு மாணவியிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். ஆய்வுச் சுருக்கம் அனுப்ப அன்று மாலைதான் கடைசி.

அவள் கணினியில் செய்தது, கண்ணாடிக்கு மாதிரியாக வழக்கமாக எடுக்கும் கோப்–ஆண்டர்சன் கலவை: பெரிய துகள் 80 சதவீதம், சிறியது 20. உருக்கி, குளிரவைத்து, ஆற்றலை அடிமட்டம் வரை இறக்கியாயிற்று. இப்போது எந்தத் துகளை எடுத்தாலும் நிகர விசை சுழி. ஆனால் ஜோடி ஜோடியாகப் பார்த்தால் உள்ளே ஒரே தள்ளுமுள்ளு. சராசரியைத் தாண்டித் தள்ளும் ஜோடிகளுக்கு மட்டும் கோடு போட்டோம். வரம்பு சராசரியின் ஒரு மடங்கு என்றால் நூல்கண்டு. இரண்டு என்றால் உதிரித் துண்டுகள். ஒன்றரை என்றால் இலை நரம்பு போல அழகான சங்கிலி.

"சார், கோட்டை நாமதானே போடுறோம்? சங்கிலி கண்ணாடியில இருக்கா, படத்துலயா?"

சிரித்து மழுப்பினேன். நான் செய்தது பொய்யில்லை. வரம்பு என்னவென்று படத்தின் கீழேயே எழுதியிருந்தோம். வரம்பு இல்லாமல் யார் படம் போடுகிறார்கள்?

ஆனால் மணலுக்குச் சங்கிலி என்ற சொல் பொருந்தும். பிளாஸ்டிக் வட்டுகளை அழுத்திப் போலராய்டு வழியே பார்த்தால் சங்கிலி கண்ணுக்கே தெரியும். உலர்ந்த மணல் தள்ள மட்டும்தான் செய்யும். எங்கள் துகள்களோ விட்டத்தைப் போல 1.12 மடங்கு விலகியதுமே இழுக்கத் தொடங்கிவிடும். அன்றிரவு ஒரு துகளை மட்டும் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். படத்தில் அதற்கு மூன்று கோடு. மூன்றையும் கூட்டினால் சுழி வரவில்லை. வராதுதான். நாங்கள் அழித்த மெல்லிய தள்ளல்களையும் இழுவைகளையும் சேர்த்த பிறகுதான் கணக்கு நேரானது. அப்படியானால் ஒழுங்கு எங்கே இருக்கிறது, வரைந்ததிலா அழித்ததிலா? ஒவ்வொரு துகளும் சமநிலையில் நின்றாக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையால், ஓரிடத்துத் தகைவு, அதாவது உள்ளே ஓரலகுப் பரப்பில் விழும் விசை, தூரத்துத் தகைவோடு தொடர்புகொள்கிறது. அந்தத் தொடர்பு திசைக்குத் திசை மாறி, தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதமாகத்தான் மெல்ல மங்குகிறது. அதற்குச் சங்கிலியே தேவையில்லை. இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அன்று எனக்கே அவ்வளவு தெளிவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன், பாதி உண்மை.

படத்தை எல்லோரும் பாராட்டினார்கள். அவள் முடித்துப் போய்விட்டாள். புதிதாக வருகிறவர்கள் அவள் நிரலைத்தான் நகலெடுக்கிறார்கள். அதில் 1.5 என்ற வரிக்குப் பக்கத்தில் அவள் குறிப்பு இன்னும் இருக்கிறது: "சார் சொன்ன எண்."