மூன்று மில்லிமீட்டர் சாய்வும் விளிம்பில்லாத தொட்டியும்

கடல்மீனும் பவளமும் வளர்க்க வாங்கிய புதுத் தொட்டியில் தண்ணீர் பாதி ஏறியிருந்தபோது மகள்தான் முதலில் கவனித்தாள். "அப்பா, தண்ணி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு." ரசமட்டம் வைத்து மூன்று முறை பார்த்த பிறகுதான் ஸ்டாண்டை நிறுத்தியிருந்தேன். அப்படியெல்லாம் இருக்காதும்மா என்று சொல்லிவிட்டு, அவள் மனம் சமாதானமாகட்டும் என்று டேப்பை எடுத்து மேல் ஓரத்திலிருந்து தண்ணீர் மட்டம் வரை அளந்தேன். இடது மூலையில் 27.4 செ.மீ. வலது மூலையில் 27.1. அவள் சொன்னதுதான் சரி.

முன்பு வைத்திருந்த தொட்டியில் மேலே கறுப்பு பிளாஸ்டிக் சட்டம் ஒன்று சுற்றி ஓடும். தண்ணீர் மட்டம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மூன்று மி.மீ. என்ன, ஒரு செ.மீ. சாய்ந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்த விளிம்பில்லாத (ரிம்லெஸ்) தொட்டியில் அந்தச் சட்டம் கிடையாது. கண்ணாடியின் மேல் ஓரமும் தண்ணீரின் மேல்பரப்பும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகளாகத் தெரியும். அவை இணையாக இல்லாவிட்டால் தினமும் கண்ணை உறுத்தும்.

அழகு மட்டும் பிரச்சினை என்றால் விட்டிருப்பேன். சீராக ஒரு பக்கம் மட்டும் சாய்ந்திருந்தால் கண்ணாடி தாங்கிக்கொள்ளும். ஸ்டாண்ட் முறுக்கிக்கொண்டு ஒரு மூலை மட்டும் தூக்கி நின்றால்தான் ஆபத்து. அந்த இழுவிசை எல்லாம் சிலிக்கான் ஒட்டில் போய் உட்காரும். எனக்கு வந்திருப்பது எந்த வகை என்று தெரியாமல் எப்படித் தூங்குவது? கசிவு பார்க்க ஊற்றிய வெறும் குழாய்த் தண்ணீர்தான், உப்பு இன்னும் போடவில்லை. முழுவதையும் வெளியேற்றினேன். மறுநாள் நாலு பேர் சேர்ந்து, கண்ணாடி தூக்கும் உறிஞ்சுபிடிகளை வைத்து, தொட்டியை இறக்கினோம்.

தவறு என்னுடையதுதான். என்னிடம் இருந்த ரசமட்டம் 30 செ.மீ. நீளம். தொட்டி 150 செ.மீ. அந்தச் சின்ன நீளத்தில் அரை மி.மீ. பிசகு கண்ணுக்குத் தெரியாது, தொட்டியின் முழு நீளத்துக்கு அது இரண்டரை, மூன்று மி.மீ. ஆகிவிடும். இந்த முறை கட்டட வேலையில் மட்டம் பார்ப்பது போல, ஒளி ஊடுருவும் டியூபில் தண்ணீர் நிரப்பி நாலு மூலைக்கும் இழுத்துப் பார்த்தேன். தரை வாசல் பக்கமாக இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்தேன். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் தகடு செருகவே கூடாது. அங்கே முழுப் பரப்புக்கும் ஒரே தடிமனில் ஒரு நுரை விரிப்பு மட்டும்தான் இருக்க வேண்டும்.

தொட்டியின் அளவைச் சொல்லிவிடுகிறேன்: 150 நீளம், 60 அகலம், 55 உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 495 லிட்டர். கண்ணாடி 15 மி.மீ., வெறும் தொட்டியே ஏறக்குறைய 120 கிலோ. தண்ணீர், பாறை, மணல், கீழே இருக்கும் சம்ப் என்னும் வடிகட்டித் தொட்டி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்தால் முக்கால் டன்னைத் தாண்டிவிடும். எங்கள் வீடு தரைத்தளம். மாடியில் வைக்க நினைப்பவர்கள் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

உயரம் 65 செ.மீ. வேண்டும் என்றுதான் முதலில் ஆசைப்பட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது ஆசை அடங்கியது. முன் கண்ணாடியைத் தண்ணீர் எவ்வளவு தள்ளுகிறது என்பதற்கும் பின்னால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஆழமும் நீளமும்தான் கணக்கு, அதிலும் ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விசை ஏறும். 50 செ.மீ. ஆழத்துக்கு உப்புத்தண்ணீர் நின்றால் ஒன்றரை மீட்டர் கண்ணாடியின் மேல் சுமார் 190 கிலோ எடைக்குச் சமமான விசை. பத்து செ.மீ. கூட்டினால் 270ஐத் தாண்டுகிறது. சட்டம் உள்ள தொட்டியில் குறுக்குப் பட்டைகள் முன்னையும் பின்னையும் இழுத்துப் பிடிக்கும். இதில் மேல் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கண்ணாடியின் தடிமனும் நாலு மூலைச் சிலிக்கானும்தான் எல்லாம். தொட்டி வந்து இறங்கியதும் நான் முதலில் செய்த வேலை, டார்ச் அடித்து ஒவ்வொரு ஒட்டிலும் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்த்ததுதான். இன்னொன்று, 55 உயரத்துக்கே கை அடிமணலைத் தொட வேண்டுமென்றால் தோள்வரை நனைகிறது.

முன்னும் இரு பக்கமும் இரும்புச்சத்து குறைந்த கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியில் 15 மி.மீ. தடிமன் என்றால் பச்சைச் சாயல் நன்றாகவே தெரியும். ஆரஞ்சும் சிவப்பும் மங்கிவிடும். பின்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் சாதாரணக் கண்ணாடியே போதும்.

இரண்டாம் முறை நிரப்பி மூன்று நாள் விட்டேன். நாலு மூலையும் ஒரே அளவு. இரும்பு அளவுகோலை மேல் ஓரத்தில் நீளவாக்கில் வைத்துப் பார்த்ததில், நடுவில் கண்ணாடி அரை மி.மீ. வெளியே வந்திருந்தது. அந்த அளவு வளைவது இயல்பு என்று தெரிந்தும், ஒரு வாரம் தினமும் அளந்தேன். கூடவில்லை.

மேல்தொட்டியின் தண்ணீர் சம்புக்கு இறங்கும் ஏற்பாட்டுக்கு மூன்று குழாய் முறையை எடுத்துக்கொண்டேன். ஒன்று காற்றே இல்லாமல் முழுத் தண்ணீராக ஓடும் சைபன், கேட் வால்வ் வைத்து அளவைத் திருகிக்கொள்ளலாம். இரண்டாவதில் மெல்லிய ஒழுக்கு மட்டும் ஓடும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே இருக்கும். முதல் இரண்டும் அடைத்துக்கொண்டால் காப்பாற்றுவதற்கு. வால்வ் சரியாக அமைந்ததும் களகளவென்ற சத்தம் சட்டென்று நின்றது. கூடத்தில் வைக்கும் தொட்டிக்கு இந்த அமைதி முக்கியம்.

அப்புறம் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்று சோதித்தேன். பம்பை நிறுத்தியதும் மேலே தண்ணீர் ஏற்றும் குழாய் தலைகீழ் சைபனாகித் தொட்டியிலிருந்து உறிஞ்சிக் கீழே கொட்டத் தொடங்கியது. குழாயின் வாய் 6 செ.மீ. ஆழத்தில் இருந்தது. என் தொட்டியில் ஒரு செ.மீ. என்றால் 9 லிட்டர், ஆக 54 லிட்டர். சம்பில் அதற்கு இடமில்லை. பக்கத்திலேயே நின்றிருந்ததால் பம்பைத் திரும்பப் போட்டுத் தப்பித்தேன். வாயை நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே உயர்த்தினேன். இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் வெளியூர் கிளம்ப வேண்டாம்.

பாறை அடுக்குவதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. தொட்டியின் அளவைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, 35 கிலோ காய்ந்த பாறையை இரண்டு வாரம் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். மனைவி சொன்ன ஒரு வார்த்தை வழி காட்டியது: "பாறையைப் பார்க்காதீங்க, நடுவில் இருக்கும் காலி இடத்தைப் பாருங்க." அதன் பிறகு பாதிப் பாறையை எடுத்துவிட்டேன். இரண்டு குன்று, நடுவில் ஒரு வாய்க்கால், கண்ணாடியிலிருந்து எல்லாப் பக்கமும் 10 செ.மீ. இடைவெளி, கண்ணாடியில் பாசி சுரண்டும் காந்தம் போய்வர வேண்டுமே. அடிப்பாறைகள் நேராகக் கண்ணாடியில் உட்கார்ந்த பிறகுதான் மணல் போட்டேன். மணல் மேல் பாறையை வைத்தால், பின்னால் இறால் தோண்டும்போது சரிந்துவிடும்.

கடல்மீன் வளர்ப்பில் பாறைக்கு ஆரம்பத்தில் இந்த இடம் இருக்கவில்லை. 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து உயிருள்ள பாறையை எடுத்து வைத்து, காற்றுக்குமிழியை மட்டும் விட்டுப் பவளங்களை உயிரோடு வைத்திருப்பதை எழுதினார். பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள்தான் வடிகட்டி என்ற எண்ணம் இந்தப் பொழுதுபோக்கில் வேர்பிடிக்க அதற்குப் பிறகும் பல வருடம் ஆனது. என் காய்ந்த பாறையில் அந்த உயிர்கள் இல்லை. அவை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஆர்ஓ வடிகட்டி, அதன் பிறகு அயனி நீக்கும் குடுவை, மீட்டரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டும் தண்ணீர். அதில் 17 கிலோ உப்புக் கலவை. தண்ணீரில்தான் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கால்சியமும் கார்பனேட்டும் ஒன்றாகச் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். உப்புத்தன்மை 35 வேண்டும், அதாவது ஒரு கிலோ உப்புத்தண்ணீரில் 35 கிராம் உப்பு. உப்புத்தன்மை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் போதாது, 35-க்கென்றே வரும் கரைசலில் சரிபார்க்க வேண்டும். என்னுடையது இரண்டு புள்ளி தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த நுண்ணுயிர்களுக்கு உணவாக அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வருமாறு சொட்டுச் சொட்டாக விட்டேன். ஒன்பதாம் நாள், அம்மோனியாவிலிருந்து அவை உண்டாக்கும் நைட்ரைட் தலைகாட்டியது. முப்பத்தொன்றாம் நாள், போட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் காணாமல் போனது, நைட்ரைட்டும் பூஜ்யம். அந்த ஒரு மாதம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும், இத்தனை பெரிய தொட்டியில் மீனே இல்லையே என்று கேட்டார்கள். இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது என்று மகள் பதில் சொல்வாள். அடுத்து மணல் முழுவதும் பழுப்புப் படலம், டயட்டம்கள் என்னும் நுண்பாசி. அதைத் துடைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். சிலிக்கா தீர்ந்ததும் தானாகப் போய்விடும். எனக்கு மூன்று வாரத்தில் போனது.

ஆவியாதல் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே மூடி இல்லாததால் தினமும் 7 லிட்டர் போகிறது. மேல்தொட்டியின் மட்டம் மாறாது. சம்பின் கடைசி அறையில்தான் குறையும், அதனால் கண்ணில் படாது. உப்பு ஆவியாவதில்லை. ஒரு வாரம் விட்டால் 35-ல் இருந்த உப்புத்தன்மை 39-ஐ நெருங்கிவிடும். மிதவை வைத்து நல்ல தண்ணீரைத் தானாகச் சேர்க்கும் கருவி இல்லாமல் திறந்த தொட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் வந்தது, கடலில் பிடிக்காமல் வளர்ப்புத் தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த கோமாளி மீன் ஜோடி. பிறகு மஞ்சள் கோபி ஒன்றும், அதோடு கூட்டாளியாக வாழும் பிஸ்டல் இறாலும். இறாலுக்குப் பார்வை மிகக் குறைவு. அது வளையிலிருந்து மணலை வாரித் தள்ளிக்கொண்டு வரும்போது, நீண்ட மீசை ஒன்றைக் கோபியின் வாலில் வைத்தபடியே வரும். கோபி வாலை ஒரு முறை படபடக்க வைத்தால் அந்த நொடியே உள்ளே போய்விடும். முதல் முறை பார்த்தபோது நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் வாரம் ஃபேரி ரேஸ் மீன் ஒன்றைக் கொண்டுவந்தேன். செம்பருத்தி நிறத்தில், துடுப்பை விரித்தால் விசிறி போல இருக்கும். அந்த வகை துள்ளும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வலை வாங்கி வைத்திருந்தேன், சட்டத்துக்கான அலுமினியத்தையும் வெட்டி வைத்திருந்தேன். தெளிவான அந்த மேல் ஓரத்தின் மேல் வலையை வைக்க மனம் வரவில்லை. இந்த வார இறுதியில் செய்யலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மீன் வந்த மூன்றாம் நாள் காலை அது தொட்டியில் இல்லை. ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில் காய்ந்து கிடந்தது. நிறம் கொஞ்சமும் போகவில்லை.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. சட்டத்தை முடித்து, 6 மி.மீ. கண்ணுள்ள வலையை இழுத்துக் கட்டி, மாலை விளக்கு எரியும் முன் மேலே பொருத்தினேன். நாலடி தள்ளி நின்று பார்த்தால் வலை தெரியவே இல்லை. எதற்காக அத்தனை நாள் தயங்கினேன் என்று இப்போதும் வருத்தமாக இருக்கிறது. விளிம்பில்லாத தொட்டி வாங்கும் யாராக இருந்தாலும், மீனுக்கு முன்னால் வலையை வாங்குங்கள். முதல் நாளே மாட்டிவிடுங்கள்.

பவளங்கள் நாலாம் மாதம். வளர்ப்பில் துண்டாக்கிய சின்னக் கிளைகளையே கேட்டு வாங்கினேன். கல் பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை, கடலிலிருந்து வெட்டியவை எனக்கு வேண்டாம். விளக்கை முப்பது சதவீதத்தில் ஆரம்பித்து ஒரு மாதத்தில் ஏற்றினேன். காரத்தன்மையைத் தினமும் ஒரே நேரத்தில் அளக்கிறேன். ஆரம்பத்தில் 8.2 டிகேஎச்சில் (காரத்தன்மையின் அலகு) அசையாமல் நின்றது. பிறகு ஒரு வாரத்தில் 7.6-க்கு இறங்கியது. அந்தக் குறைவைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் பெரிது: பவளங்கள் தண்ணீரிலிருந்து கார்பனேட்டை எடுத்துக்கொள்கின்றன, எலும்புக்கூடு கட்ட ஆரம்பித்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகளும் நானும் வலையைக் கழற்றி வைத்துவிட்டு அலை பம்புகளைப் பத்து நிமிடம் நிறுத்துகிறோம். ஒருவர் மீன்களின் மேல் கண்ணை வைத்துக்கொள்வது ஏற்பாடு. நீர்ப்பரப்பு அடங்கி, கண்ணாடி ஓரமும் தண்ணீரும் இரண்டு நேர்க்கோடுகளாக நிற்கும். பவளங்கள் ஒளியைப் பார்த்து வளர்பவை, அவற்றின் முழு நிறமும் மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். போன வாரம் ஹாமர் பவளம் இன்னும் முழுதாக விரியாமல் இருந்தது. அவள் ஸ்டூலில் ஏறிக் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "அப்பா, இதுக்கு வாய் ரெண்டா இருக்கு." நானும் குனிந்தேன். ஒரே தலையில், விரல் நகம் அளவு தள்ளி, இரண்டாவது வாய். கிளை பிரியத் தொடங்கியிருந்தது.