முழங்காலுக்குள் எண்ணெய் ஊற்றுவது பற்றி

"முழங்காலுக்குள்ள எண்ணெய் வத்திப்போச்சாம் தம்பி, ஊசியாலை ஊத்தி விடலாமாம்" என்று அம்மா சொன்னபோது, முரசுமோட்டையில் எங்கள் வயலோரம் நின்ற பழைய நீரிறைக்கும் இயந்திரத்துக்கு ஐயா ஒயில் விட்ட காட்சிதான் அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். வைத்தியர் சொன்னது ஜெல் ஊசி. அதனுள் இருப்பது ஹயலுரோனன், நம் உடலிலேயே உருவாகும் ஒரு வழுவழுப்பான பொருள். உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் எனக்கு அந்தப் பெயர் புதிதல்ல. ஆனால் "ஊத்தினால் எத்தினை நாளைக்கு நிக்கும்?" என்று அவர் அடுத்துக் கேட்டதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

செய்முறை வகுப்பில் ஆட்டுக்கண்ணை வெட்டும்போது, வில்லைக்குப் பின்னாலிருந்து தெளிந்த கட்டி ஒன்று தட்டில் வழுகி விழும். இடுக்கியால் தூக்கினால் அது சொட்டாது. நூலாக இழுபட்டுத் தொங்கும். ஏறத்தாழ முழுவதும் தண்ணீரான அந்தக் கண்ணாடியுடனீர் தண்ணீரைப்போல் ஓடிவிடாமல் இருப்பதில் ஹயலுரோனனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1934 இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜோன் பாமரும் மாட்டுக்கண்ணின் இதே பகுதியிலிருந்துதான் அதை முதலில் பிரித்தெடுத்து, கண்ணாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அதன் ஒரு கூறான யூரோனிக் அமிலத்தின் பெயரோடு சேர்த்துப் பெயரிட்டார்கள். பின்னாளில் மருந்துக்காக அதைச் சேவற்கொண்டையிலிருந்து எடுத்தார்கள். இதைச் சொன்னால் பின்வாங்கில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அமைப்பில் அது மிக எளிமையானது. குளுக்குரோனிக் அமிலமும் அசற்றைல் குளுக்கோசமைனும் மாறி மாறிக் கோத்த ஒரு மாலை, அவ்வளவுதான். இதைப் போன்ற மற்ற வெல்லமாலைகளில் வழக்கமாகக் காணும் புரதத் தண்டும் இல்லை, சல்பேற்றும் இல்லை. ஆனால் பத்தாயிரம் சோடிகளும் அதற்கு மேலும் கோக்கப்படுவதால், ஒரு மூலக்கூற்றை இழுத்து நீட்டினால் அது செங்குருதிக்கலம் ஒன்றின் விட்டத்தையும் தாண்டும். இவ்வளவு பெரியதைக் கலத்துக்குள் வைத்துக் கட்டினால் கலம் தாங்காது என்பதாலோ என்னவோ, இதன் வகையைச் சேர்ந்த மற்றவை கலத்துக்குள் இருக்கும் கொல்கிச் சிக்கலில் உருவாக, இது மட்டும் கலத்தின் வெளிச்சவ்விலேயே உருவாகிறது. சவ்வில் பதிந்திருக்கும் நொதியம் உள்ளேயிருந்து வெல்லங்களை எடுத்துக் கோத்துக்கொண்டே, மறுமுனையை வெளியே தள்ளுகிறது. இடியப்ப உரலிலிருந்து இழை இறங்குவதுபோல. அந்த நொதியத்தில் மூன்று வகை உண்டு. இரண்டாம் வகையை இல்லாமற் செய்த எலிக்கரு, இதயம் சரியாக உருவாகாமல் வயிற்றிலேயே இறந்துவிடுகிறது.

எழுபது கிலோகிராம் நிறையுள்ள ஒருவரின் உடலில் இருக்கும் ஹயலுரோனன் முழுவதும் ஏறத்தாழ 15 கிராம். அதிற் பாதியளவு தோலில் இருக்கிறது. எனக்கு வியப்பாக இருந்தது அந்தத் தொகையல்ல, அதில் மூன்றிலொரு பங்கு, அதாவது சுமார் 5 கிராம், நாள்தோறும் அழிக்கப்பட்டுப் புதிதாக ஆக்கப்படுகிறது என்பதே. தோலில் உள்ளதிற் பாதி ஓரிரு நாளிற் போய்விடும். கசியிழையத்தில், அதாவது குருத்தெலும்பில், உள்ளது சில வாரம் தாக்குப்பிடிக்கும். குருதிக்குள் வந்துவிட்டால் பாதி குறைய ஐந்து நிமிடமும் ஆகாது.

போகும் வழியும் ஒழுங்கானது. கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு நொதியம் நீண்ட மாலையைத் துண்டுகளாக நறுக்குகிறது. கலம் அவற்றை உள்ளிழுக்க, அதன் சிதைக்கும் பையான இலைசோசோமில் இன்னொரு நொதியம் அவற்றை மேலும் சிறிதாக்குகிறது. கடைசியில் வேறிரண்டு நொதியங்கள் முனைகளிலிருந்து ஒவ்வொரு வெல்லமாகக் கழற்றுகின்றன. இழையத்திலிருந்து நிணநீரோடு போவதிற் பெரும்பகுதியை நிணநீர்க்கணுக்கள் பிடித்துச் சிதைக்கின்றன. அவற்றுக்குத் தப்பிக் குருதியை அடைவதை, ஈரலின் நுண்குழாய்களை உள்ளே மூடியிருக்கும் கலங்கள் தனி வாங்கிகளால் பற்றி எடுக்கின்றன. கசிப்புக் குடித்ததாலோ வேறு காரணத்தாலோ ஈரல் தழும்பேறிப்போனவர்களின் குருதியில் ஹயலுரோனன் உயர்ந்து நிற்பது இதனால்தான். ஈரலின் நிலையை அறிய அதை அளந்தும் பார்க்கிறார்கள். இரணைமடுக் குளத்தில் இத்தனை அடி தண்ணீர் என்று கேட்டவுடன் நல்ல மழை என்று முடிவு கட்டிவிட முடியாது அல்லவா, தண்ணீரை வெளியே விடும் துருசு பூட்டிக் கிடந்தாலும் தண்ணீர் ஏறும்.

இந்தச் சிதைக்கும் நொதியத்தைப் பாம்பும் வைத்திருக்கிறது. நாகத்தின் நஞ்சிலும் புடையனின் நஞ்சிலும் இருக்கும் அது, கடிபட்ட இடத்தில் கலங்களுக்கு இடையேயுள்ள ஹயலுரோனனைக் கரைத்து மற்ற நஞ்சுகளுக்கு வழிவிடுகிறது. ஹயலுரோனன் கண்டறியப்படுவதற்கு முன்பே, 1928 இல், டுரான் ரெனால்ஸ் என்ற ஆய்வாளர் விலங்கு விரையின் சாற்றில் இப்படிப்பட்ட ஒரு 'பரவற் காரணி' இருப்பதைக் கண்டிருந்தார்.

இனி அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். மூட்டின் உள்ளுறையில் இருக்கும் கலங்களே அங்குள்ள ஹயலுரோனனை ஆக்குகின்றன. நல்ல மூட்டில் ஒரு மில்லிலீற்றருக்கு இரண்டு முதல் நான்கு மில்லிகிராம் வரை இருக்கும். மூட்டு அழற்சியுற்றால் மாலைகள் குறுகி, திரவம் நீர்த்துப்போகிறது. ஆகவே "வத்திப்போச்சு" என்பதைவிட "தண்ணியாப் போச்சு" என்பதே பொருத்தம். ஊசியால் செலுத்துவதும் நிணநீர், குருதி என்ற அதே வாய்க்காலால் வெளியேறும். சாதாரண வகை ஒரு சில நாள்களிற் போய்விடும். மாலைகளை ஒன்றோடொன்று குறுக்கே பிணைத்துச் செய்த வகை இன்னும் சில நாளோ வாரமோ நிற்கும். மருந்து போன பின்பும் சிலருக்கு மாதக்கணக்கில் நோ குறைவதற்கு, அது கலங்களையே தூண்டிவிடுகிறது என்று விளக்கம் சொல்கிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்களோ சராசரிப் பலன் சிறிதே என்கிறார்கள். எனக்குப் பின்னவர்களின் கணக்கில்தான் நம்பிக்கை.

இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். "அப்ப ஒயில் விடுறமாதிரி இல்லை, கிணத்து ஊத்துமாதிரி" என்றார் அம்மா. ஊசி போடுவதா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. காலையில் குந்திலிருந்து எழும்பும்போது முழங்கால் இரண்டும் மடக்கென்று சத்தமிடுகின்றன. கிணற்றடிக்கு இரண்டு முறை போய்வந்த பின்புதான் தேநீருக்குக் கேத்திலை அடுப்பில் வைக்கிறார்.