மூன்று பாசிமணியில் தொடங்கும் முக்கோணம்

பாசிமணி முக்கோணங்களால் ஆன என் முதல் சோடித் தோட்டை நேற்றிரவு முடித்துவிட்டேன். முல்லைத்தீவுக் கடற்காற்றில் அவை ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஊசியில் மூன்று மணிகளைக் கோத்து வளையமாக்க வேண்டும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு இடைவெளியிலும் இரண்டிரண்டு. அந்த இரட்டை மணிகள்தான் மூலைகள். அதற்குப் பிறகு மூலையில் இரண்டு, பக்கங்களிலுள்ள இடைவெளிகளில் ஒவ்வொன்று. 3, 6, 9, 12 என்று வளர்ந்து, பத்தாவது சுற்று முடிய மொத்தம் 165 மணிகள் கொண்ட முக்கோணம் உள்ளங்கையில் தட்டையாகக் கிடக்கும். நான்கு மூலை வைத்து இப்படியே சுற்றினால் அது படிந்து கிடக்காது, அலைபோல் வளைந்து எழும். அந்த வளைவுதான் எனக்குக் கொள்ளை அழகு!

மணிகள் ஜப்பானின் மியுகி நிறுவனத்தின் டெலிக்கா வகை, குறுக்களவு 1.6 மில்லிமீற்றர். ஒரே அளவான சிறு குழாய்கள் என்பதால் செங்கல் அடுக்கியதுபோல் பொருந்துகின்றன. பாயில் சிந்தியவற்றை அம்மம்மா அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கித் தந்தார்.

"பிள்ளை, நூலை இழுத்துப் பிடி, வலை முடிகிற மாதிரி" என்றார். அப்படியே செய்தேன். மூலைகள் கூராக நின்றன.

அடுத்தது அவருக்கு. பனங்குருத்து நிறத்தில்.