சிலிகுரிக்கு வந்தது, கொல்கத்தாவுக்கு வரவில்லை

2022 அக்டோபர் 1-ல் 5ஜி தொடங்கியபோது ஏர்டெல் எட்டு ஊர்களை அறிவித்தது. டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மற்ற மூன்று நாக்பூர், வாரணாசி, சிலிகுரி. கொல்கத்தா இல்லை! பெரிய ஊருக்குத்தான் முதலில் வரும் என்று அதுவரை நினைத்திருந்த நான், அன்றிலிருந்துதான் இதைத் துருவ ஆரம்பித்தேன்.

தொலைத்தொடர்புத் துறையின் இந்தியா 22 சர்க்கிள்களாக, அதாவது சேவைப் பகுதிகளாகப் பிரிந்து கிடக்கிறது. செல்போன் சேவைக்கான ரேடியோ அலைகளை, அதாவது அலைக்கற்றையை, ஏலம் விடுவதும் சர்க்கிள் வாரியாகத்தான். ஏலத்தில் எடுத்த நிறுவனம் முதல் ஆண்டுக்குள் ஒவ்வொரு சர்க்கிளிலும் ஓர் ஊரிலாவது சேவையைத் தொடங்கியாக வேண்டும் என்பது விதி. கொல்கத்தா தனி சர்க்கிள், சிலிகுரி இருப்பது மேற்கு வங்க சர்க்கிளில். அதனால் கொல்கத்தாவில் தொடங்கினால் அது மேற்கு வங்கக் கணக்கில் சேராது. சென்னையும் முன்பு தனி சர்க்கிள்தான், 2005-ல் தமிழ்நாட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் சென்னையில் தொடங்கினாலே தமிழ்நாட்டின் முதல் ஆண்டுக் கணக்கு முடிந்துவிடும். ஜியோ சென்னைக்கு வந்தது 2022 அக்டோபரில். கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஓசூர், வேலூருக்கு 2023 ஜனவரியில்.

சரி, இது காகிதத்தில் உள்ள காரணம். மண்ணில் உள்ள காரணம் கேபிள். காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் செல்போன் டவர் தெரியும், அதில் மேளம் மாதிரி வட்டமாக இரண்டு டிஷ் இருக்கும். அந்த டவருக்குக் கண்ணாடி இழைக் கேபிள் வரவில்லை, பக்கத்து டவரிலிருந்து கம்பியில்லாமல் நுண்ணலை வழியாகத்தான் இணையம் வருகிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுதான் அடையாளம். டவருக்கு வருகிற வாய்க்கால் குறுகலாக இருந்தால், உச்சியில் எவ்வளவு புதிய ஆன்டெனா வைத்தாலும் கீழே இருப்பவர்களுக்குக் கிடைப்பது அதே சொட்டுதான். அதுவும் 5ஜி-க்கு அதிகம் பயன்படுகிற 3.3 கிகாஹெர்ட்ஸ் அலை பழைய 4ஜி அலைகள் அளவுக்குத் தூரம் போகாது, டவர்கள் நெருக்கமாக வேண்டும்.

வீட்டுக்கு வயர்லெஸ் பிராட்பேண்ட் என்றால் இன்னும் சிக்கல். ஒரு வீடு ஒரு போனைவிடப் பல மடங்கு டேட்டா இழுக்கும். அதனால் போனில் 5ஜி வந்த ஊர்களிலும் இது பிந்தித்தான் வந்தது. ஜியோ ஏர்ஃபைபர் 2023 செப்டம்பர் 19-ல் தொடங்கியது, அதுவும் சென்னை உட்பட எட்டு நகரங்களில் மட்டும். தெருவைத் தோண்டிக் கேபிள் இழுக்க முடியாத ஊருக்குத்தான் இந்தச் சேவை முதலில் போயிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் டவர் வரைக்குமாவது கேபிள் வராமல் இது நடக்காது. நிறுவனங்கள் ஊர்ப் பட்டியலை வெளியிடுவதைவிட, எந்தெந்த டவருக்குக் கேபிள் போயிருக்கிறது என்று வெளியிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகள் ஆன்லைனில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.

போன மாதம் பேருந்து நிலையத்திலிருந்து சாலையோரமாகப் பள்ளம் வெட்டி ஆரஞ்சு நிறக் குழாய் பதித்துக்கொண்டே வந்தார்கள். அப்பா தண்ணீர்க் குழாய் என்று நினைத்துப் போய் விசாரித்தார். கேபிளுக்காம். நான் தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். டவருக்கு இரண்டு தெரு முன்னாலேயே வேலை நின்றிருக்கிறது, குழாயின் முனை இன்னும் சுருட்டியபடி அங்கேதான் கிடக்கிறது.