செட் இல்லை, அப்டேட்

நேற்று எங்கள் டீமின் ரீட்மீயில் (எதை எப்படிச் செய்வது என்று எழுதி வைத்திருக்கும் கோப்பு) ஒரே ஒரு சொல்லைத் திருத்தினேன். அந்தச் சொல்லால் முந்தின நாள் எங்கள் தளம் கொஞ்ச நேரம் படுத்துவிட்டது. இதே வரியை நீங்களும் எங்காவது காப்பி செய்து வைத்திருந்தால் இப்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.

கூகுள் கிளவுட் ரன்னில் (ஆப்பைக் கூகுளின் சர்வர்களில் ஓட்டும் சேவை) ஓடும் ஆப்புக்குப் புதிதாக ஒரு என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது ஆப்புக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்பு, சேர்க்க, கூகுள் கிளவுடின் ஜிகிளவுட் கட்டளையோடு --செட்-என்வ்-வார்ஸ் கொடுக்கச் சொல்லியிருந்தது ரீட்மீ. புதிதாகச் சேர்ந்த பெண் அதை அப்படியே டைப் செய்தார், பிழை ஒன்றும் காட்டாமல் முடிந்தது. முகப்பும் வந்தது. லாகின் செய்தால் 500, அதாவது சர்வர் பிழை. செட் என்றால் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு இப்போது கொடுத்ததை மட்டும் வை என்று பொருள், அதனால் டேட்டாபேஸ் முகவரி உட்பட 11 வேரியபிள்களும் போய் அவர் சேர்த்த ஒன்று மட்டும் நின்றது. பாவம், தன் தப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, எழுதியிருந்ததைத்தான் செய்தார்.

நல்லவேளை, பழைய ரிவிஷன் (மாற்றத்துக்கு முந்தைய பதிப்பு) தன் வேரியபிள்களோடு அப்படியே இருக்கும். டிராஃபிக்கை, அதாவது தளத்துக்கு வருகிறவர்களை, அதற்குத் திருப்பினோம், தளம் எழுந்தது. ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது: அடுத்த டிப்ளாய் (புதுப் பதிப்பை ஏற்றுவது) அந்தக் காலியான அமைப்பின் மேல்தான் ஏறும், அதனால் பழைய ரிவிஷனை டிஸ்கிரைப் செய்து (அதன் அமைப்பைக் காட்டும் கட்டளை) 11-ஐயும் எடுத்துத் திரும்பப் போட்டோம், அப்புறம் டிராஃபிக்கை மறுபடி லேட்டஸ்டுக்கு மாற்றினோம். இதை மறந்தால் இனி எத்தனை டிப்ளாய் செய்தாலும் வெளியே பழையதுதான் தெரியும்.

சரி, ரீட்மீக்கு வருகிறேன். செட் இருந்த இடத்தில் --அப்டேட்-என்வ்-வார்ஸ் என்று மாற்றினேன், இது மற்றவற்றைத் தொடாது. கையோடு இன்னும் இரண்டு இடங்களைச் சரிசெய்தேன். மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் போடச் சொல்லியிருந்தது. உள்ளே $ இருந்தால், நாம் டைப் செய்யும் கட்டளையை முதலில் படிக்கும் பாஷ் அதையும் ஒட்டி வரும் எழுத்துகளையும் ஒரு வேரியபிள் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லாவிட்டால் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் காலியாக்கிவிடும். ஒற்றை மேற்கோள்தான் சரி. மதிப்புக்குள் காற்புள்ளி வந்தால் ஜிகிளவுட் அங்கே வெட்டி அடுத்த வேரியபிள் என்று நினைக்கும், அப்போது மொத்தப் பட்டியலின் தொடக்கத்தில், முதல் வேரியபிள் பெயருக்கும் முன்னால் ^@^ போட்டால் காற்புள்ளிக்குப் பதில் @ பிரிப்பானாகிவிடும். கடவுச்சொற்களை இந்த வழியில் கொடுக்கவே வேண்டாம், ரகசியங்களை வைப்பதற்கென்றே இருக்கும் கூகுளின் சீக்ரெட் மேனேஜரில் வையுங்கள்.

திருத்திய பிறகு அதே பெண்ணிடமே கொடுத்து, டெஸ்ட் சர்வீஸில் முதல் வரியிலிருந்து செய்து பார்க்கச் சொன்னேன். டிஸ்கிரைப் செய்து விரல்விட்டு எண்ணினார். 12 இருந்தது.