ஹார்மோனுக்கு ஒரு லெட்டர்

கும்பகோணத்தில் ஒரு தனியார் மனநல கிளினிக்கில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். தூக்கமில்லை, குடி, பரீட்சை பயம் என்று வருகிறவர்களுக்கு நடுவே, ‘ஹார்மோனுக்கு ஒரு லெட்டர் வேணும்’ என்று வருகிற திருநங்கைகளும் திருநம்பிகளும் (பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்கிறவர்கள்) உண்டு. ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் முன் டாக்டர் கேட்கிற மனநல மதிப்பீட்டுக் கடிதம்தான் அந்த லெட்டர். பெரும்பாலும் வேறெங்கோ அலைந்துவிட்டுத்தான் இங்கே வருவார்கள்.

மன்னார்குடி பக்கத்துத் திருநம்பி ஒருவர் (அவர் சம்மதத்தோடு, அடையாளம் மாற்றித்தான் எழுதுகிறேன்) ஜவுளிக்கடைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். யாரோ ஒரு கவுன்சிலர் எழுதியது: ‘நல்ல பெண். திருமணம் ஆனால் சரியாகிவிடும்.’ அதற்கு ஃபீஸ் வேறு! இன்னொரு கடிதம் அக்கறையோடு எழுதப்பட்டிருந்தது. ஆனால் எழுதியவருக்குப் பதிவு எண் இல்லை. திருச்சியில் ஹார்மோன் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். மனநல மருத்துவரா, மருத்துவ கவுன்சில் பதிவைக் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். உங்கள் பாலின உணர்வையே ‘மாத்திக் காட்டுறேன்’ என்று ஒரு டாக்டர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022-இல் சொல்லிவிட்டது.

அந்த மன்னார்குடித் திருநம்பி இன்டர்வியூவுக்கு வந்தவர் போலச் சின்ன வயதுக் கதையை மனப்பாடமாக ஒப்பித்தார். “அதை விடுங்க தம்பி. ஹார்மோன் எடுத்துக் குரல் உடைஞ்சா, மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது, தெரியுமா?” என்றேன்.

“அதுக்குத்தானே மேடம் காத்துக்கிட்டிருக்கேன்!”

அப்புறம்தான் பேச்சு ஓடியது. ரத்தம் கெட்டியாகலாம் என்பது, ரத்தப் பரிசோதனைகள், பின்னால் குழந்தை வேண்டுமென்றால் முன்கூட்டியே கருமுட்டையைச் சேமிப்பது என்று எல்லாம் பேசினோம். புரிந்து சம்மதிக்கிறாரா என்று பார்ப்பதுதான் என் வேலை. நோய்ப் பட்டம் கட்டுவதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐசிடி-11, பிறப்புப் பாலினத்தோடு ஒத்துப்போகாத இந்த உணர்வை மனநோய்ப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. திருநர் நலத்துக்கான உலக வல்லுநர் அமைப்பான டபிள்யூபாத்தின் 2022 வழிகாட்டுதல் ஒரு கடிதம் போதும் என்கிறது. சில இடங்களில் இன்னும் இரண்டு கேட்கிறார்கள், வெறும் பழக்கதோஷம்.

இழுத்தடிப்பதை ஜாக்கிரதை என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. லெட்டர் தாமதமானால் திருநங்கைகள் சிலர் மெடிக்கல் ஷாப்பில் பெண் ஹார்மோன் உள்ள கருத்தடை மாத்திரை வாங்கி, அளவு தெரியாமல் விழுங்குகிறார்கள். காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதில்தான் அதிகம்.

கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்திருக்கும் சைக்காலஜிஸ்டையும், வருகிறவர் சம்மதித்தால், இப்போது என்னோடு உட்கார வைக்கிறேன். நான் லீவு போட்ட அன்று வேதாரண்யத்திலிருந்து வந்தவர் சும்மா திரும்பிப் போகக் கூடாது.