பெண்கள் ஊழியம்: சந்திப்பு, கதை, நோட்டு, கணக்கு

வேதாகமத்தில் பவுல் எழுதிய ரோமர் கடிதத்தின் 16-ஆம் அதிகாரம் வந்தால் "வாழ்த்துதல்கள்தானே" என்று பலர் புரட்டிவிடுவார்கள். நிதானமாக எண்ணிப் பாருங்கள். பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், யூனியா, திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள், யூலியாள் என்று 8 பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. (யூனியா ஆணா பெண்ணா என்று ஒரு பழைய வழக்கு உண்டு, பெண் என்பதே இன்று பெரும்பாலான அறிஞர்களின் முடிவு.) "பிரயாசப்பட்டார்" (பாடுபட்டு உழைத்தார்) என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லை பவுல் அந்த அதிகாரத்தில் 4 பேருக்குச் சொல்கிறார். நான்கு பேரும் பெண்கள்.

அந்தப் பிரயாசம் சபையில் இன்றும் பெண்களிடம்தான் இருக்கிறது. எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளை மூன்று வாரமாக ஞாயிறு பள்ளிக்கு வரவில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அது ஊழியமாகப் பதிவாவதில்லை, "உதவி" என்று போய்விடுகிறது. ஆகவே முதல் வேலை, நடக்கிற ஊழியத்துக்கு ஓர் ஒழுங்கு கொடுப்பது.

வீடு சந்திப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். இரண்டு இரண்டு பேராகப் போக வேண்டும்: ஒருவர் அனுபவமுள்ளவர், மற்றவர் புதியவர். மூன்று, நான்கு பேர் போனால் அந்த வீட்டுப் பெண் வாயே திறக்கமாட்டார். அரை மணி நேரம் போதும். அதில் இருபது நிமிடம் அவர் பேசட்டும். வேதப்பகுதி பத்து வசனத்துக்குள் இருக்கட்டும். ஜெபிக்கலாமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். நோயாளியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்த ஊழியருக்கும் கிடையாது.

சந்திப்பு ஊழியம் பெரும்பாலும் கெட்டுப்போவது ஜெபக்குறிப்பில், அதாவது எதற்காக ஜெபிப்பது என்று கூட்டத்தில் சொல்வதில்தான். "வீட்டுக்காரர் அடிக்கிறார், வெளியே சொல்லிடாதீங்கக்கா" என்று ஒருவர் அழுதிருப்பார். அடுத்த ஜெபக்கூட்டத்தில், "பேர் வேண்டாம், நம்ம பின்தெருவுல ஒரு சகோதரி, ரெண்டு பெண் பிள்ளைங்க, குடும்ப சமாதானத்துக்காக ஜெபிச்சுக்கோங்க" என்பார்கள். கூட்டம் முடிவதற்குள் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அந்தக் கதவு அதற்குப் பிறகு திறக்காது. சந்திப்பு நோட்டில் தேதி, பெயர், அடுத்துப் போக வேண்டிய நாள், இந்த மூன்றும் போதும். கேட்ட ரகசியம் நோட்டிலும் வேண்டாம், ஜெபத்திலும் வேண்டாம்.

அடிபடுகிற பெண்ணிடம் "பொறுத்துக்கோம்மா, ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது அவரை மறுபடியும் அடிவாங்க அனுப்புவதுதான். கணவரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசுகிறோம் என்று கிளம்புவது அதைவிட ஆபத்து. மனைவி வெளியே சொன்னது அவருக்குத் தெரிந்தால் அன்று இரவே அடி கூடும். மருத்துவர், காவல் நிலையம், பெண்கள் உதவி எண், ஓர் இரவு தங்கப் பாதுகாப்பான ஓரிடம் ஆகியவற்றை முன்கூட்டியே கையில் வைத்திருங்கள். எப்போது வீட்டை விட்டுக் கிளம்புவது என்பதை அந்தப் பெண்ணே முடிவுசெய்யட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருக்கும் கூட்டத்தில் பிரசங்கத்தைவிடக் கதை நன்றாக நடக்கும். மாற்கு 5:25 முதல் 34 வரை, 12 வருஷம் பெரும்பாடுள்ள (நிற்காத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீயின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வசனத்தில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் ஒருமுறை சொல்லுங்கள். பிறகு கேட்டவர்களில் ஒருவர் திரும்பச் சொல்லட்டும். விட்டுப்போனதை மற்றவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். அதன்பின் மூன்று கேள்விகள்: இதில் ஆண்டவர் எப்படிப்பட்டவர், அந்தப் பெண் என்ன செய்தாள், நாம் என்ன செய்யலாம். பல வைத்தியர்களிடம் வருத்தப்பட்டு, கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தாள் என்ற 26-ஆம் வசனத்தில் கூட்டம் நின்றுவிடும். மேடையில் அந்த இடத்தை நாசூக்காகக் கடந்துபோவார்கள். பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும்போது, யாரிடமும் சொல்லாத உடல் வேதனை அங்கேதான் வெளியே வரும். அவசரப்பட்டு 27-க்குப் போகாதீர்கள்.

சிறுமிகள் விஷயத்துக்கு வருவோம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்ணை ஞாயிறு பள்ளியில் சேர்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைக்கும் வேலையை மட்டும் கொடுப்பது பயிற்சி ஆகாது. முதல் மாதம் அவள் வகுப்பைக் கவனிக்கட்டும். இரண்டாம் மாதம் மனப்பாட வசனத்தை அவள் சொல்லித்தரட்டும். மூன்றாம் மாதம் ஏழு நிமிடக் கதை. முடிந்ததும் நன்றாக வந்தது ஒன்று, மாற்ற வேண்டியது ஒன்று, இரண்டே இரண்டு சொல்லுங்கள். பரீட்சை மாதத்தில் பொறுப்பிலிருந்து விட்டுவிடுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பாதுகாப்பில் மட்டும் சமாளிப்பு கூடாது. பெரியவர் ஒருவரும் சிறுமி ஒருத்தியும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, அவர் போதகராகவே இருந்தாலும். வண்டியில் தனியாக ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. தனிப்பட்ட போன் செய்தி கிடையாது. அம்மாவோ அப்பாவோ இருக்கும் குரூப்பில்தான் தகவல். பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தக் கூட்டத்துக்கும் அழைத்துப்போகவோ படம் எடுத்துப் போடவோ கூடாது. "நம்ம பாஸ்டரையே சந்தேகப்படுறீங்களா" என்று யாராவது கேட்டால், விதி எல்லோருக்கும் ஒன்று என்று சொன்னால் போதும்.

பணம்: யோவன்னாளும் சூசன்னாளும் தங்கள் ஆஸ்தியால் ஊழியத்தைத் தாங்கினார்கள் என்று லூக்கா 8-இல் இருக்கிறது. அதைக் காட்டி, சந்திப்புக்குப் போகிறவர்களைப் பஸ் காசும் கைக்காசாகவே போடவைப்பது நியாயமில்லை. பயணச் செலவு சபை பட்ஜெட்டில் ஒரு வரியாக வரட்டும். பெண்கள் ஐக்கியக் (சபைப் பெண்கள் குழுவின்) காணிக்கையை இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பெண்கள் பிரசங்க பீடம் ஏறலாமா என்பதில் சபைக்குச் சபை நிலைப்பாடு வேறு. அந்த விவாதம் முடியும்வரை சபைக் கமிட்டி நாற்காலி காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு பெண்ணைப் போட்டால் அவர் தலையாட்டிவிட்டு வருவார். இரண்டு மூன்று பேராவது வேண்டும், கூட்டமும் அவர்களால் வர முடிந்த நேரத்தில் இருக்க வேண்டும். சந்திப்பு அறிக்கையை முதலில் எடுங்கள். கடைசியில் வைத்தால் கட்டடக் கணக்கு அதை விழுங்கிவிடும்.

போதகரின் மனைவியான பாஸ்டரம்மாதான் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி என்று தானாகவே வைத்துவிடும் வழக்கமும் ஒரு சிக்கல். அவருக்கு வரம் வேறொன்றாக இருக்கலாம். இருந்தாலும் எல்லாவற்றையும் மனதிலேயே வைத்து நடத்துவார். மாற்றலாகிப் போனதும் எந்த வீட்டுக்கு யார் போவது என்றே தெரியாது. துணைத்தலைவி ஒருவரை முதல் நாளிலிருந்தே கூட அழைத்துப்போங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாறட்டும். மாறும்போது பழையவரும் புதியவரும் நோட்டோடு எல்லா வீட்டுக்கும் ஒருமுறை சேர்ந்து போய்விட்டு வரவேண்டும்.